தலைவரின் நீல முகம்

உலகத்தில் திமில் என்கிற சிப்பைப் பயன்படுத்தியவர்கள் இரண்டே தரப்பு. முதல் தரப்பு அதைத் தயாரித்த கம்பெனி. அவர்களும் விஷயம் புரிந்து சீக்கிரமே கைகழுவிவிட்டார்கள். இரண்டாம் தரப்பு, ராயபுரத்தில் பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் இயங்கிவந்த வடகடல் கணினித் தற்சார்பு வாரியம். அதுவரை மீனவர் குப்பங்களில் புயல் எச்சரிக்கை காட்டுவதற்குச் சாதாரணக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிற கம்ப்யூட்டரில் ஒரு வாரியத்துக்கு என்ன வேலை இருக்க முடியும்? ஆகவே அவற்றைப் பிடுங்கி எடுத்துவிட்டு, குப்பத்துக்கு ஒன்றாகத் திமில் பெட்டியும் பெரிய திரையும் வைத்தார்கள். மாலை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், சுவிட்சைத் தட்டினார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. அந்தச் சிப்பில் ஓடக்கூடிய டெஸ்க்டாப் எதையும் உலகத்தில் யாரும் இதுவரை ஆக்கவில்லை என்பது அப்போதுதான் வாரியத்துக்குத் தெரியவந்தது.

"இல்லையென்றால் உருவாக்குவோம்!" என்றார் வாரியத் தலைவர் கிருஷ்ணப்பன். கூட்டத்தில் கைதட்டினார்கள். கைதட்டி முடித்த பிறகு, உருவாக்குவதற்கு ஒப்பந்தத்தில் ஒரு ஆளை எடுத்தார்கள். அந்த ஆள் சௌமியா.

சௌமியா திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். அவள் அப்பா கடலில் போனவர். அவர் போன அன்றைக்குப் புயல் எச்சரிக்கை சென்னை வானிலை அலுவலகம் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது; அங்கிருந்து குப்பம் வரைக்கும்தான் வந்து சேரவில்லை. அந்தக் கடைசிக் கொஞ்ச தூரம் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இப்போது அதே கடலில் அவள் அண்ணன் வெற்றி ஃபைபர் படகு ஓட்டுகிறான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏசி போட்ட சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தவள், அதை விட்டுவிட்டு மின்விசிறி மட்டும் சுற்றுகிற இந்த உப்புக் கிடங்குக்கு வந்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

வேலை என்னமோ பேய் வேலை. டெஸ்க்டாப் என்றால் என்ன, நாலு படம், ஒரு கடிகாரம், அவ்வளவுதானே என்று நினைப்போம். கடிகாரத்தைத் திமிலுக்குக் கொண்டுவரப் போனால் அது நாட்காட்டி இல்லாமல் வரமாட்டேன் என்றது. நாட்காட்டி, பாட்டுப் போடும் மென்பொருள் வந்தால்தான் வருவேன் என்றது. பாட்டுக்கும் பிரிண்டருக்கும் என்ன உறவோ, அது பிரிண்டரைக் கேட்டது. கல்யாண வீட்டுக்கு ஒருத்தரை அழைத்தால் ஒரு வேன் நிறைய வந்து இறங்குகிற மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் திமிலுக்காகப் புதிதாகக் கட்டவேண்டும். கட்டி முடிப்பதற்குள் பெட்டி அடுப்பாகக் கொதிக்கும். செயலாளர் தவசிமுத்து தம் சாப்பாட்டு டப்பாவை அதன்மேல் வைத்துவிட்டுப் போவார். திமிலால் முதன்முதலில் பயனடைந்தது அவருடைய சாம்பார்தான்.

தவசிமுத்து தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கையெழுத்து என்று வந்தால் மட்டும் கைக்குள் பேனா இருப்பதையே மறந்துவிடுவார்.

ஒரு வழியாகச் சௌமியா பெட்டியை எழுப்பினாள். டெஸ்க்டாப் வரவில்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. 'கடலுக்குப் போகாதே' என்று தட்டினால் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டியது. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வேறென்ன வேண்டும்? ஓடிப்போய்த் தலைவரை அழைத்து வந்தாள்.

கிருஷ்ணப்பன் திரையைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்.

"என்னம்மா இது, கறுப்பு? துக்க வீடு மாதிரி?"

"எச்சரிக்கை தெரியுது சார். ஜனங்களுக்கு இது போதும். இன்னைக்கே எல்லாக் குப்பத்துக்கும் போட்டுடலாம்."

"ஜனங்களுக்குப் போதும், வாரியத்துக்குப் போதுமா? உயிரைக் காப்பாற்றுவது யார் வேண்டுமானாலும் செய்யலாம் அம்மா. அதை அழகாகக் காப்பாற்ற வேண்டும். பின்னணியில் ஒரு படம் வேண்டும். யாருடைய படம் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது." சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து தம் புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இனிமேல் வாரியத்தின் எந்தத் திரையும் கறுப்பாக இருக்கக் கூடாது. தவசிமுத்து, உத்தரவு போட்டுவிடுங்கள்."

உத்தரவு அன்றைக்கே வந்தது. கறுப்புத் திரைக்குத் தடை.

"இன்னாடி அநியாயம் இது?" என்றாள் அம்மா செல்லம்மா, மீன்கூடையைக் கழுவிக்கொண்டே. "போவாதேன்னு சொல்றதுக்கு அந்தாளு மூஞ்சி இன்னாத்துக்கு?"

சௌமியா மறுபடி கிடங்குக்குப் போய்க் கடிகாரத்தோடும் பிரிண்டரோடும் மல்லுக்கு நின்றாள். காற்றுக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. காற்றில் வீட்டுக் கதவு அடித்துக்கொண்டாலே திடுக்கிட்டு எழுந்து அண்ணன் படுக்கையில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வருவாள்.

கடைசியில் டெஸ்க்டாப் வந்தது. தலைவர், செயலாளர், வண்ண ஒப்புதல் குழுவினர் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, திரையில் கிருஷ்ணப்பனின் முகம் எழுந்தது. முகம் நீலமாக இருந்தது. நெற்றிக் குங்குமமும் நீலம். போர்த்தியிருந்த பொன்னாடை வானத்து நிறத்தில் மின்னியது.

சௌமியா திரையை உற்றுப் பார்த்தாள். என்ன நடந்தது என்று பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊரில் உள்ள சிப்பெல்லாம் ஒரு எண்ணை வாலிலிருந்து படித்தால், திமில் தலையிலிருந்து படிக்கும். நிறம் என்பதும் கம்ப்யூட்டருக்கு எண்தான்: சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக அடுக்கியிருக்கும். திமில் அதைத் திருப்பிப் படித்துவிட்டது. நடுவில் இருந்த பச்சை தப்பித்தது. சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன.

"சார், மன்னிச்சிக்குங்க, சின்னத் தப்பு, ஒரே வரியில..."

"பேசாதே" என்றார் கிருஷ்ணப்பன். அவர் குரல் தழுதழுத்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மெல்ல எழுந்து நின்றார். "தவசிமுத்து... யார் மாதிரி இருக்கிறது?"

தவசிமுத்துவுக்குச் சர்வீசில் இவ்வளவு முக்கியமான கேள்வி வந்ததே இல்லை. "பெருமாள் மாதிரி இருக்கு சார்" என்றார்.

குழுவில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் செருப்பைக் கழற்றினார். அங்கேயே அப்போதே திரையைப் படம் பிடித்து, கலர் பிரிண்ட் எடுத்து, ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, லேமினேட் செய்துவிட்டார்கள். இனி வாரியத்தின் எல்லாத் திரைகளிலும் நிறங்கள் இந்த மாதிரிப் படத்தில் உள்ளபடியேதான் இருக்க வேண்டும், ஒரு புள்ளிகூட மாறக் கூடாது என்று தீர்மானம். லேமினேட் செய்த ஒன்றை மாற்றுவதற்கு வாரியத்தில் வழியே கிடையாது.

முகம் நீலமானால் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் எச்சரிக்கையில் இருந்தது. திரை முழுக்கச் சிவப்பு வந்தால் கடலுக்குப் போகக் கூடாது. நீலம் வந்தால் போகலாம். எழுத்து எதுவும் கிடையாது. புதிய டெஸ்க்டாப்பில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்து வந்ததால், 'கண்ணுக்கு உறுத்தல்' என்று குழு எழுத்தையே எடுத்துவிட்டிருந்தது. எழுத்தைத் திருத்துகிறேன் என்று கெஞ்சியவளிடம், அது அடுத்த ஆண்டுத் திட்டம் என்றார்கள். ஆக, புயலடித்தால் திரை நீலமாகும். கடல் குளம்போலக் கிடந்தால் சிவப்பாகும். திரை போகச் சொன்னால்தான் கரையில் மானிய டீசல் பம்பைத் திறப்பார்கள் என்பதால், குப்பத்தில் யாரும் அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

சௌமியா தவசிமுத்துவிடம் ஓடினாள். "சார், ஜனங்க செத்துப் போவாங்க சார். தலைவர் மூஞ்சி நீலமாவே இருக்கட்டும். எச்சரிக்கை சாஃப்ட்வேர்ல மட்டும் மாத்தி எழுதிடறேன். ஆபத்துன்னா அது நீலம்னு அனுப்பட்டும். திமில் அதைச் சிவப்பா காட்டிடும்."

"நல்ல யோசனைதாம்மா" என்றார் தவசிமுத்து, டப்பாவைத் திறந்தபடி. சாம்பார் சூடாக இருந்தது. "ஆனா ஆபத்துக்கு நீலம்னு எழுதின ஃபைல்ல கையெழுத்துப் போடப்போறது யாரு? நான். நாளைக்கு விசாரணைன்னு வந்தா, ஏம்வே, ஆபத்துக்கு யாராவது நீலம் போடுவாங்களான்னு கேப்பானா, மாட்டானா? இப்ப ஃபைல்ல சிவப்புன்னுதான் இருக்கு. ஃபைல் சரியா இருக்கு. திரையில தப்பா தெரிஞ்சா அதுக்கு நான் பொறுப்பில்ல."

"அப்ப நான் என்னதான் சார் செய்யறது?"

"சிப்பை மாத்த முடியாது. மாதிரிப் படத்தை மாத்த முடியாது. ஃபைலை மாத்த முடியாது." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "மாத்தக்கூடியது ஒண்ணுதாம்மா பாக்கி இருக்கு. ஜனங்க."

அப்படித்தான் வண்ணப் பயிற்சி முகாம் பிறந்தது. குப்பம் குப்பமாகப் பந்தல் போட்டார்கள். டீ, மசால் வடை உண்டு. இனிமேல் நீலம் என்றால் ஆபத்து, சிவப்பு என்றால் கிளம்பு. மைக் பிடித்துச் சொல்லிக்கொடுக்கச் சௌமியாவையே அனுப்பினார்கள். அவள் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் திரை தப்பாகக் காட்டப்போவது நிச்சயமான பிறகு, தப்பைப் படிக்கவாவது சொல்லிக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினாள். சிவப்பு அட்டையைக் காட்டினால் 'கெளம்பு', நீல அட்டையைக் காட்டினால் 'குந்து' என்று கூட்டம் கத்தவேண்டும். டீசல் பம்புக்காரர்களும் வந்து கத்தினார்கள். குப்பத்து ஜனங்கள் கெட்டிக்காரர்கள். இரண்டே முகாமில் பிடித்துக்கொண்டார்கள். முகாமுக்கு வந்துபோன ஒருவர் காலடிப்பேட்டையில் சிவப்பு சிக்னலில் வண்டியை விரட்டிக்கொண்டுபோய் மாட்டினார். "வாரியத்துல சொல்லிகீறாங்க நைனா" என்று போலீஸ்காரரிடம் அவர் வாதாடிய வாதம் எடுபடவில்லை.

கொஞ்ச நாள் எல்லாம் தலைகீழாக, ஆனால் ஒழுங்காக நடந்தது. சௌமியாவுக்குக்கூட லேசாகத் தூக்கம் பிடிக்க ஆரம்பித்தது.

பிறகு டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வாரியத்தைப் பார்வையிட வந்தார். திரையில் இருந்த முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மிஸ்டர் கிருஷ்ணப்பன், அப்போது உடம்புக்கு என்ன? இதயக் கோளாறா?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். கிருஷ்ணப்பன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அதிகாரியின் கார் கண்ணுக்கு மறைந்ததும் சிரிப்பும் மறைந்தது.

"எவன் என்னை நீலமாக்கினவன்? நாளைக்குக் காலையில் என் முகம் மனித நிறத்தில் இருக்க வேண்டும்!"

"சார், லேமினேட்..." என்றார் தவசிமுத்து.

"லேமினேட் செய்ததை யாரும் தொட வேண்டாம். திரையை மாற்றுங்கள்."

சௌமியாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்றை மறக்கவில்லை. "சார், ஜனங்களுக்கு முதல்ல சொல்லணும். அவங்க தலைகீழா கத்துக்கிட்டாங்க. சுற்றறிக்கை போகாம நான் கை வைக்க மாட்டேன்."

"அதெல்லாம் அனுப்பியாச்சும்மா" என்றார் தவசிமுத்து.

அவர் பொய் சொல்லவில்லை. அனுப்பித்தான் இருந்தார். சுற்றறிக்கை நடையைச் சரிபார்க்கும் குழுவுக்கு அனுப்பியிருந்தார். அந்தக் குழு மாதத்தில் ஒருமுறை கூடும்.

சௌமியா அன்று இரவு வீட்டுக்குப் போகாமல் அந்த ஒரு வரியைத் திருத்திக் கட்டி, மறுநாள் காலை எல்லாக் குப்பங்களின் பெட்டிகளுக்கும் ஏற்றினாள். தலைவருக்கு மாநிறம் திரும்பியது. கிடங்கில் கேசரி கொடுத்தார்கள். கடலில் காற்று அடங்கியிருந்தது. ஆகவே குப்பத்துத் திரைகளெல்லாம் நியாயமான, அழகான நீலத்தைக் காட்டின. நீலத்தைப் பார்த்த ஜனங்கள் பம்பு மூடியிருக்க, கரையில் குந்தி, நல்ல கடலைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தது சௌமியாவுக்குத் தெரியாது. மத்தியானத்துக்கு மேல் வானிலைப் பிரிவிலிருந்து எச்சரிக்கை வந்தது. சூறைக்காற்று, பேரலை, யாரும் இறங்கவேண்டாம். திரைகள் ரத்தச் சிவப்பாக மாறின. அவள் நிம்மதியாக ஒரு வாய் கேசரி போட்டுக்கொண்டாள்.

போன் அடித்தது. வெற்றி.

"சௌமி, செவப்பு வந்துச்சி! காலீலேர்ந்து நீலத்த காட்டிகினு செம பேஜாரு. இப்பத்தான் பம்பு தொறந்துகீறான், ஊரே லைன்ல நிக்குது. ராவிக்கு வர மாட்டேன், அம்மாகிட்ட சொல்லிடு."

சௌமியா கேசரியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "அண்ணா, போவாத! செவப்புன்னா போவாதன்னு அர்த்தம்ணா! மாத்திட்டேன்!"

"இன்னா தமாஷ் பண்றியா? நீதான மைக்க புடிச்சிகினு கத்துன, செவப்புன்னா கெளம்புன்னு?"

"நான்தான்ணா சொன்னேன், இப்ப நானே சொல்றேன், போவாத. எல்லார்கிட்டயும் சொல்லு!"

"எவன் கேப்பான்? டேய், லைன்ல வா டேய்..." போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

எண்ணூர், காசிமேடு, திருவொற்றியூர், ஒவ்வொரு கரையிலும் இதே வரிசை நின்றுகொண்டிருக்கும். பழைய தப்பைத் திரும்ப ஏற்றிவிடலாம் என்றால், திமில் அதைக் கட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தவசிமுத்துவின் அறைக்கு ஓடினாள்.

"சார், எல்லாத் திரையையும் அணைக்கணும், இப்பவே!"

"எதுக்கும்மா? இன்னைக்குத்தான முதல்முறையா சரியா காட்டுது?"

"ஜனங்க தப்பா படிக்கிறாங்க சார்!"

"அது ஜனங்க தப்பு. சரியா காட்டுத திரையை அணைக்கிறதுக்கு விதி இல்ல. அணைச்சா கறுப்பாயிரும். கறுப்புக்குத் தடை இருக்கு. ஒண்ணு செய்யி, தலைவருக்கு ஒரு மனு எழுதிக் குடு, அவர் கேசரி சாப்பிட்டு வந்ததும்..."

சௌமியா மனு எழுதவில்லை. இடத்துக்குத் திரும்பி ஓடி வந்தாள். எத்தனையோ மாதங்கள் சோறு தண்ணி மறந்து, கடிகாரம் நாட்காட்டி பாட்டு பிரிண்டர் என்று ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பிய அந்த டெஸ்க்டாப்பை ஒரே தட்டில் எல்லாக் கரையிலும் வீழ்த்தினாள். தலைவர் போனார். சிவப்பு போனது. கடிகாரமும் போனது.

கரைகளில் திரைகள் கறுத்தன. கறுப்புக்கு யாரும் முகாம் நடத்தியிருக்கவில்லை. சிவப்புக்குத் திறக்கவும் நீலத்துக்கு மூடவும் கற்றிருந்த பம்புக்காரர்கள், கறுப்புக்கு என்ன செய்வது என்று தெரியாமல் குழாயைப் பிடுங்கிப் பம்பிலேயே திரும்ப மாட்டிவிட்டார்கள். வெற்றிக்கு முன்னால் இன்னும் இரண்டு கேன்கள் பாக்கி இருந்தன. டீசல் கிடைத்தவர்களும் என்னவோ ஏதோ என்று நின்றுவிட, படகுக்காரர்கள் பம்புக்காரர்களையும் வாரியத்தையும் சௌமியாவையும் அவள் படித்த படிப்பையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். அவர்கள் திட்டி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. ஏலக் கூடத்துத் தகரக் கூரையைப் பெயர்த்துச் சாலைக்குக் கொண்டுபோய்ப் போட்ட காற்று. கடலில் யாரும் இல்லை.

மறுநாள் கூரை இல்லாத அந்தக் கூடத்திலேயே வாரியம் விழா எடுத்தது. கிருஷ்ணப்பன் மைக்கைப் பிடித்தார்.

"நேற்று ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம் என்ன? நமது திரைகள் நேற்று ஒன்றுமே சொல்லவில்லை! திரை எதையாவது காட்டிய நாளெல்லாம் குழப்பம் வந்தது. எதையும் காட்டாத ஒரே நாள், எல்லோரும் பிழைத்தார்கள். ஒன்றுமே செய்யாமல் மக்களைக் காக்க முடியும் என்று நான் ஆரம்பத்திலிருந்தே நம்பி வந்திருக்கிறேன். என் வாழ்க்கையே அதற்குச் சாட்சி."

சௌமியாவுக்கு ஒரு உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, தடையை மீறித் திரையைக் கறுப்பாக்கியதற்கு விளக்கம் கேட்டு. மற்றொன்று, திரையைக் கறுப்பாக்கியதற்குப் பாராட்டி. இரண்டிலும் தவசிமுத்துவின் கையெழுத்து இருந்தது, பார்க்காமல் போட்டிருப்பார். புதிய உத்தரவும் வந்தது: அபாய நாட்களில் திரைகள் அணைக்கப்படும். தலைவருக்கு ஒரே குறை, அணைந்த திரையில் தாம் தெரியமாட்டோமே என்பதுதான். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அபாய நாட்களில் அவர் படத்தைச் சட்டம் போட்டுத் திரையின் நடுவில் மாட்டிவிடவேண்டும். எந்தப் படம்? முறையாக ஒப்புதல் பெற்ற படம் வாரியத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த நீல முகத்தை நகல் எடுத்தார்கள். வெறும் படமாக இருந்தால் மரியாதை இல்லை என்று தவசிமுத்து காலடிப்பேட்டையில் சந்தன மாலைகள் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் போட்டுவிட்டார்.

அடுத்த எச்சரிக்கை வந்த நாளில் சௌமியா கரையில்தான் நின்றாள். திரையை அணைத்தார்கள், படத்தை மாட்டினார்கள். அதுவரை தலைவரை நேரிலோ திரையிலோ பார்த்தே இராத செல்லம்மா, கூடையோடு வந்தவள் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கூடையை இறக்கி வைத்தாள். தலையில் இருந்த சும்மாட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அய்யோ பாவமே" என்றாள். "கடல்ல போன ஆளா? மூஞ்சியெல்லாம் நீலம் பூத்துகீதே. எந்தக் குப்பம்டி?"

"ராயபுரம்மா" என்றாள் சௌமியா.

செல்லம்மா இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். சௌமியாவின் அப்பாவைக் கரைக்குக் கொண்டுவந்தபோதும் அவள் இதே நீலத்தைப் பார்த்திருக்கிறாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படகடியில் நின்றிருந்த மகனைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் வெற்றி! எறக்குடா எஞ்சின! இந்த மூஞ்சியப் பாத்துட்டு எவனாச்சும் கடலுக்குப் போவானா?"

வெற்றி திரும்பிப் படத்தைப் பார்த்தான். மறுபேச்சுப் பேசாமல் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தான். பக்கத்துப் படகுக்காரர்களும் ஒவ்வொருவராகக் கழற்ற ஆரம்பித்தார்கள்.